கழுகுக்கண்ணுக்கு ஒரு விதி

டீ ஆறிவிடும், முதலில் குடியுங்கள். வேலைக்குச் சேர்ந்த வாரமே என் புரோகிராமைத் திறந்து பார்த்து, "சார், இந்த விதி எதுக்கு?" என்று கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். எனக்கு ஒரே சந்தோஷம். செய்த வேலையை ஒருவர் நின்று பார்த்தால் யாருக்குக் கசக்கும்?

வெப்சைட்டின் நிறம், எழுத்தளவு எல்லாம் ஸ்டைல்ஷீட்டில் இருக்கும். அதில் பிழை தேடும் இந்த ரெகுலர் எக்ஸ்பிரஷன்கள் என் கைவண்ணம். இன்ன எழுத்து இன்ன வரிசையில் வந்தால் பிடி என்று ஒரு வரி எழுதினால் போதும், லபக்கென்று பிடித்துவிடும். அதற்கு முன்னால் வெறும் கண்ணால் பிடித்தவன் நான். ஆபீஸில் எனக்குக் கழுகுக்கண் என்றே பெயர்.

பிறகு ஒரு பெண் வேலைக்கு வந்தாள். கலகலப்பான பிள்ளை, வாய்நிறைய அண்ணா என்பாள். ஒருநாள் மீட்டிங்கில், என் கோப்பில் ஒரு அடைப்புக்குறி மூடாமல் கிடப்பதைச் சிரித்துக்கொண்டே காட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். மத்தியானத்துக்குள் என் பட்டப்பெயர் அவளுக்குப் போய்விட்டது.

நிறக் குறியீடுகளை அவள் மட்டும் கேப்பிட்டல் எழுத்தில் எழுதுவாள். அது பிழையே இல்லை. ஆனால் அந்தக் கேப்பிட்டலைக் கண்டால், வேறொரு வரியைக் காட்டி 'அடைப்புக்குறி மூடவில்லை' என்று சொல்லும்படி ஒரு விதி போட்டேன். நீங்கள் கேட்ட விதி அதுதான்.

பாவம், கண் வலிக்கத் தேடுவாள். கடைசியில் கோப்பை எனக்கு அனுப்புவாள். கேப்பிட்டலைச் சின்ன எழுத்தாக்கித் திருப்பி அனுப்புவேன், பிழை போய்விடும். "குறி விட்டுப்போச்சும்மா, போட்டுட்டேன்" என்பேன். கண் டாக்டரிடம்கூட நான்தான் காரில் கூட்டிப்போனேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார் அவர். அதைக் கேட்டுத்தான் அவள் இடிந்துபோனாள்.

"அப்ப எனக்கு மூளையிலதான் கோளாறாண்ணா?" என்று கேட்டாள். ரெஸ்ட் எடும்மா என்றேன். வேலையை விட்டுவிட்டாள். என் பெயர் என்னிடம் வந்துவிட்டது.

ஆபீஸில் இன்னும் அவளோடு பேசுவது நான் மட்டும்தான். நேற்று அவள் குழந்தைக்குக் காய்ச்சலாம். மருந்து ஊற்றிய அளவு மூடியைப் போட்டோ எடுத்து அனுப்பி, "கோடு வரைக்கும்தானே ஊத்திருக்கேன்? நீங்க பாத்துச் சொன்னாத்தான் நிம்மதிண்ணா" என்றாள். அளவு கச்சிதமாக இருந்தது.

"கொஞ்சம் கூடிப்போச்சும்மா, கொட்டிட்டு மறுபடி ஊத்து" என்றேன். மறுபடி மறுபடி ஊற்றிப் போட்டோ அனுப்பினாள், ஒவ்வொரு தடவையும் பொறுமையாகப் பார்த்துச் சொன்னேன். பார்வை சரியில்லாத பிள்ளையை நாம்தானே கவனித்துக்கொள்ள வேண்டும்.