செத்தவனுக்கு ஏது வரி

இந்தக் காலத்தில் விடுமுறைக்கு வருகிறவர்களுக்குத் துண்டுக்கும் கால்மிதிக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. முகம் துடைக்கக் கொடுத்ததில் கால் மணலைத் துடைத்துவிட்டு, துண்டு சுத்தமில்லை என்று என்னிடமே குறை சொல்வார்கள். ஆனால் அழச் சொன்னால் நன்றாக அழுவார்கள். அதை மறுக்கமாட்டேன்.

வீடு என் தம்பியுடையது. அவனுக்கு வெளிநாட்டில் வேலை. கடலைப் பார்த்த அறைகளை வாடகைக்கு விட்டுப் பார்த்துக்கொள்வது நான். தம்பி ஒழுங்கானவன். "நான் எங்க இருந்தா என்னண்ணே, வீடு அங்க இருக்கு. வாடகைக்கு அங்கதான் வரி. மறக்காம கட்டிடு" என்று ஃபோனில் சொல்வான். கட்டியாச்சு என்பேன். கட்டவில்லை. ஊரிலேயே இல்லாதவனிடம் வரி கேட்கிறவன், நாளைக்கு நிழலுக்கும் கேட்பான். அந்தப் பணம் கூரைக்கும் என் பல்செட்டுக்கும் போனது.

தங்க வருகிறவர்களுக்குச் சாவியோடு ஓர் உறவுமுறையும் கொடுப்பேன். நீங்கள் மச்சான், இந்த அம்மா சித்தி. யாராவது கேட்டால் அப்படியே சொன்னால் வாடகையில் தள்ளுபடி.

ஒருநாள் வரி அதிகாரி வந்தார்.

"என்ன பெரியவரே, வீடு நிறைய ஆளா இருக்கு?"

"சொந்தக்காரங்க."

"எல்லாருமா?"

"பெரிய குடும்பம். பொறாமையா இருக்கா?"

"வீட்டுக்காரர் வெளிநாட்டுலதானே? அவர்கிட்ட பேசணும்."

"செத்துட்டான்" என்றேன்.

வாயில் வந்தது, சொன்னேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். காலையில்தான் அறை எடுத்திருந்த குண்டு மனிதர், என் மச்சான், "போயிட்டியா மாப்ளே" என்று தூணைக் கட்டிக்கொண்டார். சித்தி மயங்கியே விழுந்தாள். தள்ளுபடிக்கு மேலேயே செய்தார்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினேன். அதிகாரி என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"அப்ப வாரிசு யாரு?" என்று அவர் கேட்கும்போதே வாசலில் டாக்ஸி நின்றது. இறங்கியது தம்பி. வரி பாக்கி என்று அவனுக்குத் தகவல் போய், லீவு போட்டு வந்திருக்கிறான்.

"கட்டியாச்சுன்னு சொன்னியேண்ணே."

நான் பதறவில்லை. அவன் பெட்டியையும் கைப்பையையும் வாங்கி உள்ளே வைத்துப் பூட்டினேன். பாஸ்போர்ட் அதில்தான் இருந்தது. பிறகு அதிகாரியின் காதோரம் சொன்னேன்: "தூரத்துச் சொந்தம் சார். தம்பி போன துக்கத்துல, தானே தம்பின்னு நினைச்சுக்கிட்டு அலையறான்."

"நான்தான் சார் வீட்டுக்காரன்" என்றான் தம்பி.

"பாத்தீங்களா" என்றேன்.

மச்சான் ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். "யாருய்யா நீ, விடுய்யா" என்று தம்பி உதறினான். சொந்த மச்சானையே தெரியவில்லையே என்று அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆம்புலன்ஸுக்கு ஃபோன் செய்தது அவர்தான். நான் இல்லை.

மனநல மருத்துவமனை நல்ல இடம். நிறைய மரங்கள். பழம் வாங்கிக்கொண்டு போவேன். "ஒரே ஒரு வார்த்தை சொல்லுண்ணே" என்று கையைப் பிடிப்பான். மாத்திரையில் நாக்கு குழறும். "சீசன்டா, வீட்ல இடமில்ல. கொஞ்சம் பொறு" என்பேன். அந்த சீசன் போய் அடுத்த சீசனும் வந்தது. பழத்தை மட்டும் நிறுத்தவில்லை.

கடைசியில் அவனுடைய முதலாளி ஆள் அனுப்பித் தேடினார். போலீஸ் பூட்டை உடைத்துப் பாஸ்போர்ட்டை எடுத்தது.

இன்ஸ்பெக்டரிடம் எதையும் மறைக்கவில்லை. உயிரோடு இருந்தவனைச் செத்தான் என்றது நான். தெளிவாக இருந்தவனைப் பைத்தியம் என்றது நான். அவன் அழுவதைப் பார்த்தும் திரும்பி வந்தது நான். கையெழுத்துப் போட்டேன்.

"கொஞ்சங்கூட உறுத்தலயா?" என்றார்.

"ஊர்ல இல்லாதவன்கிட்ட வரி கேக்கறது உங்களுக்கு உறுத்துதா?"

கான்ஸ்டபிள் என்னை வெளியே கூட்டி வந்தார். வராந்தாவில் தம்பி, பாதியாய் இளைத்து, உட்கார்ந்திருந்தான்.

"ஏண்ணே?" என்றான்.

"உன்னை ஒரு பைசா வரி கட்ட விட்டேனாடா?" என்றேன்.

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நன்றிகூட வரவில்லை. பாவம், இன்னும் முழுசாகத் தெளியவில்லை என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.