ஈரம் காயாத ஏசி

ஜன்னல் ஏசியை நிறுத்துவதற்கு முன் அரை மணித்தியாலம் காற்றாடியை மட்டும் ஓடவிட வேண்டும். உள்ளே இருக்கும் ஈரம் காய்ந்துவிடும். பூஞ்சணம் பிடிக்காது, மணமும் வராது. துறைமுக வீதியில் பதினாறு வருடமாக ஏசி திருத்துகிறேன் ஐயா. போகிற வீடெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறேன்.

என் மனைவி தர்ஷனாவுக்குச் சிறுவயது முதல் ஆஸ்துமா. அதனால் பாலையூற்றில் எங்கள் வீட்டு அறை ஏசியை வேறு யாரையும் தொடவிட்டதில்லை.

போன வருடம் அவளுக்கு மட்டக்களப்பில் ஆசிரியர் பயிற்சி கிடைத்தது. இரண்டு வருடம் அங்கேயே தங்க வேண்டும். உடுப்பு மடித்துக்கொண்டே ஏதோ பாட்டு முணுமுணுத்தாள். என்னுடன் இருந்த ஒன்பது வருடத்தில் அவள் பாடி நான் கேட்டதில்லை.

வெளிப்பக்கம் சற்றுச் சரிந்திருக்க வேண்டிய ஏசியை உள்பக்கம் சரித்தேன். அதற்கு ஒரு பலகைத் துண்டு போதும். தண்ணீர் வடியும் துவாரத்தை மெழுகால் அடைத்தேன். பில்டரை மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து, அவள் கண்முன்னே சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். உள்ளே தண்ணீர் தேங்கி, எல்லாம் பூஞ்சணம் பிடித்துக் கறுத்துப்போயிருந்தது எனக்கு மட்டுமே தெரியும்.

ஒரு மாதத்தில் அவளுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. ஆசுபத்திரியில் இருந்த மூன்று நாளும் அவள் என் கையை விடவில்லை. பயிற்சியைத் தள்ளிப்போட்டாள். அத்துடன் நிறுத்தத்தான் நினைத்தேன்.

“இஞ்சேருங்கோ, அறைக்குள்ள ஒரு ஊத்தை மணம் வருது,” என்றாள் ஒரு நாள்.

“மழைக்காலம்தானே. நான் கழுவிப்போட்டன்.”

“ஓம், நீங்க பாத்தா சரிதான். தை மாசம் எப்பிடியும் நான் போகவேணும். இன்னொருக்கா தள்ளிப்போட ஏலாது.”

மெழுகை அப்படியே விட்டுவிட்டேன்.

மார்கழியில் ஒரு மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தபோது, கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் இடையில் கிடந்தாள். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மூச்சு முட்டியபோது காற்றுக்காக அதன் முன்னால்தான் போய் நின்றிருக்கிறாள்.

ஏசியைக் கழற்றி எறிந்தேன். ஜன்னலைக் கல் வைத்துக் கட்டினேன். சுவருக்கு இரண்டு தரம் பெயின்ற் அடித்தேன். மணம் போகவில்லை. இப்போது எந்த வீட்டில் ஏசியைத் திறந்தாலும், உள்ளே அவள் மூச்சு இழுப்பது கேட்கிறது. வேலை செய்ய முடியவில்லை. அதனால்தான் நானாகவே பொலிசுக்கு வந்தேன்.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்து வைக்கிறேன்.

அவளின் தாய், என் மாமி, அவளைத் தங்கள் ஊரான மட்டக்களப்புக்குக் கொண்டுபோய் அடக்கக் கேட்டார். நான் சம்மதிக்கவில்லை. வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில்தான் இருக்கிறாள். பின்னேரங்களில் போய்ப் பக்கத்தில் இருப்பேன். எங்கேயும் போகவேண்டும் என்று அவள் இப்போது கேட்பதில்லை. எங்கள் இரண்டு பேருக்குள்ளும் ஒரு மனத்தாங்கலும் இல்லை.