பத்து வருச நெஞ்சுவலி

கோவில்பட்டியில் சித்திரை மாதத்து மத்தியானம் உட்கார்ந்து பேசத் தோதான இடம் எதுவென்று என்னைக் கேட்டால், இன்சூரன்ஸ் கம்பெனியின் காத்திருப்பு அறை என்றுதான் சொல்வேன். ஏசி உண்டு. தண்ணீர் கேன் உண்டு. நாற்காலிகளை ஒன்றோடொன்று சேர்த்து முடுக்கியிருப்பார்கள். அதனால் பக்கத்தில் இருப்பவன் பேச்சு பிடிக்கவில்லை என்றாலும் நாற்காலியைத் தள்ளிப் போட முடியாது. பேச ஆசைப்படுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்.

வக்கீல் மந்திரமூர்த்தி சார், நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொன்னீர்கள். மாரிசெல்வி தரப்புக்கு நீங்கள் வழக்கு நடத்துகிறீர்கள் என்பதும், நான் எழுதுவது எனக்கே எதிராகப் போகலாம் என்பதும் தெரிந்துதான் எழுதுகிறேன். பெயர் பூவனநாதன். வயது எழுபத்து நாலு. முப்பது வருசம் ஒரு தீப்பெட்டிக் கம்பெனிக்கு வெளியூர்களில் ஆர்டர் பிடித்தவன். அந்தத் தொழிலில் பேச்சுதான் சரக்கு. தீப்பெட்டி கூடவே வருவது.

ஊரில் எனக்குப் பொய்யன் என்று பெயர். ஒரு கோடையில் எங்கள் கரிசல் காட்டு வெடிப்புக்குள் என் எருமை விழுந்தது. மூன்றாம் நாள் புதியம்புத்தூரில் ஒரு தையல் கம்பெனி வாசலில் அது மேலேறி வந்தது. வரும்போது கழுத்தில் காலர் வைத்த சட்டை கிடந்தது. சட்டை அளவு சரியாக இருந்தது என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன், ஒருத்தரும் நம்பவில்லை. வீட்டில் நான் வாயைத் திறந்தால் மருமகள் டிவி சத்தத்தைக் கூட்டுவாள். குறையாகச் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு ராசி.

மூன்று வருசத்துக்கு முன்னால் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டேன். அந்தச் செலவைக் கேட்டு அந்தப் பெரிய மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனிக்குப் போனேன். உட்காரச் சொன்னார்கள். பதினோரு நாள் உட்கார்ந்திருந்தேன். சும்மா இருக்க முடியாமல் பக்கத்தில் இருந்தவர்களிடம் என் குடல் இறங்கிய கதையைச் சொன்னேன். முதல் நாள் தொடை வரைக்கும்தான் இறங்கியிருந்தது. பதினோராம் நாள் கணுக்காலுக்கு வந்துவிட்டது.

பன்னிரண்டாம் நாள் மேனேஜர் தங்கப்பாண்டியன் உள்ளே கூப்பிட்டார். மேலூர்ப் பக்கத்துக்காரர். இங்கே வந்து ஆறே மாதத்தில் அண்ணாச்சி போடப் பழகியிருந்தார்.

"வெளிய என்னதான் அண்ணாச்சி பேசுறீங்க? நீங்க ஒரு வியாதியச் சொன்னா, சுத்தி இருக்கிறவன் எல்லாம் அவன் வீட்டு வியாதிய எடுத்து விடுறான்."

"அது எங்க பக்கத்து மரியாதை சார்," என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. விளக்கிச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் ஒருவன் தனக்குக் கால் வலிக்கிறது என்றால், எனக்கு நன்றாக இருக்கிறது என்று மற்றவன் சொல்ல மாட்டான். அது திமிர். கண்ணேறு வேறு. எங்கள் வீட்டில் இன்னாருக்கு அதே வலி, இதைவிட இரண்டு மடங்கு, ஏழெட்டு வருசமாக, இருந்தும் அவர் காட்டு வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார் என்று சொல்வான். நோயாளிக்குத் தெம்பு வரும். எங்களுக்கு ஆறுதல் சொல்லத் தெரிந்த வழி அது ஒன்றுதான். இரண்டு வருசத்தைப் பத்து என்பார்கள். இல்லாததை இருக்கிறது என்பார்கள். கேட்கிறவனும் அதைப் பாதியாகக் கழித்துத்தான் எடுத்துக்கொள்வான்.

தங்கப்பாண்டியன் பேனாவை மூடினார். "கழிக்கிறது நம்ம வேலை இல்லையே அண்ணாச்சி," என்றார்.

என் ஆபரேஷன் செலவு அந்த வாரமே வந்துவிட்டது. அதற்கடுத்த வாரத்திலிருந்து நான் வேலைக்குப் போனேன். வேலை என்றால், அதே நாற்காலியில் உட்காருவது.

கம்பெனியில் அப்போது வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாடிக்கையாளர் சேவை அதிகாரி. டிகிரி போதும். விளம்பரத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: குடும்பத்துக்கு எங்கள் பாலிசி எடுத்திருப்பவர்களுக்கு முன்னுரிமை. வேலை தேடுகிற பிள்ளைகள் சின்ன எழுத்தைத்தான் முதலில் படிப்பார்கள். விளாத்திகுளம், எட்டயபுரம், நாகலாபுரம் என்று எல்லா ஊர்களிலிருந்தும் அப்பா அம்மா பெயரில் பாலிசி எடுத்துக்கொண்டு, எந்த வியாதியும் இல்லை என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருந்தது.

காலை பத்து மணிக்கு வரச் சொல்லி மாலை நாலு மணிக்குக் கூப்பிடுவார்கள். உள்ளே நடந்த இன்டர்வியூ ஐந்து நிமிசம்கூட இராது. ஐந்து வருசம் கழித்து எங்கே இருப்பாய் என்று ஒரு பையனைக் கேட்டதற்கு, "நாகலாபுரத்துலதான் சார், வீடு அங்கனதான் இருக்கு," என்று சொல்லிவிட்டு வந்தான். நல்ல பதில் என்றுதான் நானும் சொன்னேன். அவனுக்கு வேலை கிடைக்கவில்லை. இரண்டு வருசத்தில் மூன்று பேருக்குக் கிடைத்தது.

உண்மையான இன்டர்வியூ வெளியே நடந்தது. அதை எடுத்தவன் நான். பேரனுக்குத் துணையாக வந்தவன் மாதிரி உட்கார்ந்திருப்பேன். பேரன் உள்ளே போயிருக்கிறான் என்பேன். காலையில் உள்ளே போனவன் மாலை வரை வரவில்லையே என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. அந்தக் கம்பெனியில் அது நடக்கக்கூடியதாகத்தான் இருந்தது. ஒருநாள் சர்க்கரை வியாதி, ஒருநாள் கிட்னி, ஒருநாள் நெஞ்சு என்று எனக்கு வைத்துக்கொள்வேன். பிள்ளைகள் ஆறுதல் சொல்வார்கள். சாயங்காலம் ஆளுக்கொரு தாளில் பெயர், ஊர், சொன்ன விவரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். அதை டைப் அடித்து, கள ஆய்வு என்று தலைப்புப் போட்டு, என் தாளையும் பின்னால் குத்தி, அந்தந்தப் பாலிசியோடு சேர்த்து வைப்பார்கள். உடனே யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. பாலிசியை ரத்து செய்வதும் இல்லை. பணம் கேட்டு வருகிற அன்றைக்குத்தான் அந்தத் தாளை எடுப்பார்கள்.

நான் ஒன்றையும் சேர்க்கவில்லை சார். அவர்கள் சொன்னதைத்தான் எழுதினேன். என் சொந்த வியாதிகளை மட்டும்தான் கற்பனை செய்தேன். நான் கொடுத்த விவரம் ஒன்றை டைப் அடித்து, சீல் வைத்து, இரண்டு ஆபீசர்கள் கையெழுத்துப் போட்டது அதுவரை என் ஆயுளில் நடக்காத காரியம். முதல் தாளை ஜெராக்ஸ் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். மருமகளிடம் காட்டவில்லை. சும்மா வைத்திருந்தேன்.

மாரிசெல்வி வந்தது போன ஆவணியில். நாகலாபுரம். பி.காம். முடித்து மூன்று வருசம், அதற்கு முன் ஏழு இன்டர்வியூ. சர்ட்டிபிகேட் ஃபைலை மடியில் வைத்து, அதன் மேல் கையை வைத்து, கையின் மேல் பார்வையை வைத்து உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு எனக்கு நெஞ்சுவலி. நெஞ்சுக்குள் தண்டவாளம் போட்ட மாதிரி இருக்கிறது, ராத்திரி திருநெல்வேலி வண்டி போகிற நேரத்துக்குச் சரியாக ஆடுகிறது, டாக்டர் கைவிரித்துவிட்டார், பேரனுக்கு வேலை கிடைப்பதைப் பார்த்துவிட்டால் போதும் என்றேன்.

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. டிபன் பாக்ஸைத் திறந்து பாதி எலுமிச்சைச் சோற்றை மூடியில் வைத்து நீட்டினாள். பிறகு சொன்னாள்.

"பயப்படாதீங்க தாத்தா. எங்க அய்யாவுக்கும் பத்து வருசமா நெஞ்சுவலிதான். காடு கழனின்னு அலைஞ்சுட்டு வந்து ரெண்டு வட்டில் சோறு சாப்பிடுதாவ. ஒண்ணும் ஆகாது."

சோறு நன்றாக இருந்தது. அன்று சாயங்காலம் எழுதிக் கொடுத்தேன். வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை.

இந்தப் பங்குனியில் அவள் அப்பா சிவனாண்டி மிளகாய் காயப்போட்ட களத்தில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஐம்பத்து நாலு வயது. அதுவரை ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காத மனுசன் என்று நீங்கள் சாட்சிகளை வைத்திருக்கிறீர்கள். நான் மறுக்கவில்லை. பைபாஸ் செய்ய வேண்டும், இருபது நாளைக்கு மேல் தள்ளக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெரிய கம்பெனி பாலிசிதான் இருக்கிறதே என்று அரசாங்கத்தின் காப்பீட்டு அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்தார்கள். முறை வர நாள் இருந்தது. தனியார் ஆஸ்பத்திரியில் பாலிசியைக் கொடுத்தார்கள். கம்பெனியிலிருந்து பதில் வந்தது: பத்து ஆண்டுகளாக இருந்த நெஞ்சுவலி மறைக்கப்பட்டுள்ளது; குடும்ப உறுப்பினரே கள ஆய்வில் தெரிவித்துள்ளார்.

மறுநாள் அவள் கம்பெனிக்கு வந்தாள். நான் என் நாற்காலியில் இருந்தேன். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மலர்ந்தது என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது.

"தாத்தா, இன்னுமா உங்க பேரனுக்கு வேலை கிடைக்கல?"

இல்லை தாயி என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பத்து வருசம் என்ற சொல்லை அவள் ஆயுளில் ஒரே ஒரு தடவை, என்னிடம் மட்டும்தான் சொன்னாளாம். ஆகவே இந்த அறையில் எங்கேயோ மைக் வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டியிருந்தாள். மேலே இருந்த கேமராவைக் காட்டினாள். இந்தக் காலத்தில் கேமராவுக்கே காது உண்டு என்று நான் சொன்னேன்.

"திங்கக்கிழமை பெரிய ஆபீசர் வாராவளாம். என் மனுவ நேர்ல விசாரிக்காவ. நீங்க ஒருத்தர்தான் தாத்தா சாட்சி. இந்தப் பிள்ளை எனக்கு ஆறுதலுக்குச் சொன்னது, வேற ஒண்ணும் இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். எங்க அய்யா பொழைச்சுக்கிடுவாவ."

"வாரேன்," என்றேன்.

நம்பர் கேட்டாள். கொடுத்தேன். தப்பு நம்பர் கொடுத்திருக்கலாம். அந்த நேரத்தில் பொய் சொல்லத் தோன்றவில்லை.

தங்கப்பாண்டியனிடம் போய் விசயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நாள் எங்கேயாவது போய் ஓய்வு எடுங்கள் அண்ணாச்சி என்றார். புதியம்புத்தூரில் மகள் பேபி இருக்கிறாள். தைப்பவள். அவள் வீட்டில் இருபது நாள் தங்கினேன். மாரிசெல்வி திங்கட்கிழமை பதினான்கு தடவை போன் செய்தாள். எடுக்கவில்லை. எடுத்தால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு தடவையும் நின்றுவிட்டது. யாருப்பா என்று பேபி கேட்டாள். லோன் வேண்டுமா என்று கேட்கிறார்கள் என்றேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து போன் வரவில்லை.

டாக்டர் சொன்ன இருபது நாள் கெடுவில் பதினேழாம் நாள் சிவனாண்டி வீட்டிலேயே இறந்துபோனார்.

செய்தி தெரிந்ததும் பேபி வீட்டிலிருந்தே துட்டி கேட்க நாகலாபுரம் போனேன். ஏன் போனாய் என்று கேட்டீர்கள். ஒரு சாவுக்குப் போகாமல் இருப்பது முறையில்லை. பந்தலில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள், மனுசன் பல வருசமாகவே உள்ளுக்குள் வைத்துக்கொண்டு வெளியே சொல்லாமல் இருந்திருக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். ஐந்து வருசம் என்றார் ஒருவர். பன்னிரண்டு என்றார் இன்னொருவர். எனக்கு நெஞ்சுப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. ஊரே சொல்கிறது, நான் எழுதியதில் பெரிய பிசகு இல்லை என்று தோன்றியது.

மாரிசெல்வி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். என்னைக் கண்டதும் அழுதாள்.

"நல்லா இருக்கீங்களா தாத்தா? நீங்க வரலன்னதும் உங்களுக்குத்தான் ஏதோ ஆயிட்டுன்னு நினைச்சேன். கோவில்பட்டியில ஒவ்வொரு ஆஸ்பத்திரியா ஏறி இறங்கி உங்களத்தான் கேட்டேன். ரெண்டு நாளு அதுலயே போயிட்டு."

பரவாயில்லை தாயி, இப்போது வலி குறைந்திருக்கிறது என்றேன். தண்ணீரைக் குடித்தேன்.

அந்தச் சாவு வீட்டிலேயே நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்கு அப்புறம் கம்பெனி ஃபைலைக் கோர்ட் மூலமாக நீங்கள் வாங்கி, அதில் இருந்த கையெழுத்தைக் கொண்டு என்னைக் கண்டுபிடித்தீர்கள். இதுவரை எழுதியதை எல்லாம் உங்களிடம் வாயாலும் சொல்லிவிட்டேன். ஒன்றைத் தவிர.

ஆவணி மாதம், அந்தப் பத்து வருசத்தை அவள் சொன்ன கொஞ்ச நேரத்தில் உள்ளே கூப்பிட்டார்கள். எழுந்து கதவு வரைக்கும் போனாள். திரும்பி வந்தாள். என் காதுப் பக்கம் குனிந்தாள்.

"தாத்தா, சும்மா சொன்னேன். எங்க அய்யாவுக்கு ஒண்ணும் கிடையாது. பெரியவிய கிட்ட பொய் சொல்லிட்டு இன்டர்வியூவுக்குப் போனா மனசு ஒரு மாதிரி இருக்கு. கோவிச்சுக்கிடாதீங்க."

நான் சிரித்துத் தலையாட்டி அனுப்பினேன். அதன் பிறகுதான் உட்கார்ந்து எழுதினேன்.

அவள் சொன்னதைத்தான் எழுதினேன் என்றால், இதையும் அவள்தானே சொன்னாள், இதை ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். அந்தத் தாளில் அதற்கு மேல் இடம் இல்லை என்று எனக்கு நானே இத்தனை மாதமாகச் சொல்லி வந்தேன். நான் சொன்னவற்றில் நானே முழுசாக நம்பியது அது ஒன்றுதான். நேற்று உங்கள் மேசையில் அந்தத் தாளை எடுத்து வைத்தீர்கள். மேலே நாலு வரி இருந்தது. அதற்குக் கீழே அடி வரைக்கும் வெள்ளை.