அறுபது தென்னை நின்ற இடம்

— இன்னையோட நானூத்திப் பன்னெண்டு நாளாச்சு, கொல்லங்குடி காளி முன்னாடி நான் சாபம் விட்டுக் காசு வெட்டிப் போட்டு. மொட்டைப் பெட்டிஷன் போட்டு, சர்க்காரை விட்டு நம்ம தோப்பைப் புடுங்க வச்ச நாசமாப் போறவனுக்கு ஒரு சளிக்காய்ச்சல்கூட வந்ததாத் தெரியலையே!

— மெதுவாப் பேசும்மா. டிக்கெட் குடுக்கிறவுக பாக்குறாக.

— பாக்கட்டும்டி. அறுபது தென்னை. ஒவ்வொண்ணுக்கும் இடுப்புல கொடம் வச்சுத் தண்ணி ஊத்துனேன். இப்ப அதைப் பார்க்காக்கிட்டு, அதே எடத்துக்குள்ள போக எனக்கு டிக்கெட்டா? காரைக்குடி செக்காலையில சேலை எடுக்கன்னு ஆட்டோவுல ஏத்தி, இங்குட்டுக் கொண்டாந்து எறக்கிட்டா ஒங்க மக. ஏங்க, நீங்களும் கூட்டா?

— அது சரி. வந்தது வந்தாச்சு அன்னக்கிளி, ஒரு சுத்து சுத்திட்டுப் போவமே.

— நடக்கேன். ஆனா ஒண்ணையும் நல்லாருக்குன்னு சொல்ல மாட்டேன்.

— சொல்ல வேண்டாம்மா. பாரு, போதும். இப்ப நாம நிக்கிற இந்தப் பாலம் எந்த எடம், தெரியுதா?

— தெரியாம? நம்ம மோட்டார் ரூம் இருந்த எடம்.

— இப்ப அதுல ஏழடி தண்ணி.

— அள்ளி விடாத, ரோகிணி.

— அளவுகோல் நட்டிருக்காக, நீயே எண்ணிக்க. தாத்தா மண்ணடிச்சு மூடுறதுக்கு முந்தி இது ஊருணிதானம்மா.

— நான் வாக்கப்பட்டு வரையில வேலி போட்டிருந்துச்சு. எனக்கு அது தோப்பு. அம்புட்டுத்தேன்… ஆத்தாடி, அங்குட்டுப் பாரு! ஒரு கோழி தண்ணிக்குள்ள முங்கிருச்சு! செத்துப்போச்சா?

— முக்குளிப்பான்ம்மா அது. கொஞ்சம் தள்ளி எந்திரிக்கும், பாரு.

— எங்குட்டு… அட, ஆமா! முதுகுல குஞ்சை வச்சிருக்கே! எம்புட்டு அழகு!

— நல்லாருக்குங்கிற?

— கோழியச் சொன்னேன். பார்க்கை இல்ல.

— அது சரி.

— என்னங்க அது சரி? ஜேசிபி வந்து தென்னையைச் சாய்க்கையில நான் மண்ணுல விழுந்து பெரண்டேன். ஒங்க தம்பி முத்துவீரன் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னான். நீங்க அன்னைக்கும் இதே அது சரிதேன்.

— அவன் சிரிக்கல, அன்னக்கிளி. அவன் மொகவாகே அப்படி.

— பெட்டிஷன் போட்டவனே அவந்தேன். பேரில்லாம, கையெழுத்தில்லாம. பங்காளிப் பொறாமை. அதேன் அவன் மக காதுகுத்துக்கு நான் போகல.

— நான் போனேன்.

— எனக்குத் தெரியாமயா?

— கறிச்சோறு நல்லாருந்துச்சு.

— கேட்டியாடி! இந்த மனுசனோட இருபத்தாறு வருசம்!

— சண்டையை அப்பறம் வச்சுக்கம்மா. நம்ம கெணறு எத்தனை வருசம் வத்திக் கெடந்துச்சு?

— பதினொரு வருசம். மூணு போர் போட்டோம். மூணுலயும் புழுதிதேன் வந்துச்சு.

— இப்ப?

— ஒம்போது உறை முங்கிக் கெடக்கு. நேத்துக் குனிஞ்சு சொம்பாலயே மோந்தேன்.

— நம்ம கெணறு மட்டுமில்ல. தெருவுல பதினாலு கெணறு ஊறியிருக்கு. நான் கயிறு விட்டு அளந்து எழுதி வச்சிருக்கேன். ஊருணியில தேங்குனாத்தான் கெணத்துல ஊறும்.

— இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?

— சொன்னேன். தென்னை மட்டையால வெரட்டுன.

— ஆமா, வெரட்டுனேன்… இந்தாத்தா! செவப்புச் சேலை! பிள்ளையத் தண்ணிப் பக்கம் விடாதீக, ஏழடி ஆழம்! எங்க ஊருணி, எனக்குத் தெரியும்!

— எங்க ஊருணியா?

— பெறகு யாரு ஊருணிடி? காரைக்குடியில இருந்து கார் போட்டுல்ல வந்து பாக்குறாக! வாங்க, வேடிக்கை பாக்கக் கட்டுன அந்தக் கோபுரத்து மேல ஏறுவம். எனக்கு மொத்தமும் பாக்கணும்.

— முட்டி வலிக்கும், அன்னக்கிளி.

— வலிக்கட்டும். கையக் குடுங்க… யப்பா! எம்புட்டுத் தண்ணி! சூரியனையே முங்க வச்சிரும் போலயே! நல்லாருக்குங்க. சொல்லிப்புட்டேன், போங்க. நல்லாருக்கு!

— அழுகுறியாம்மா?

— காத்து. ஏங்க, நான் பெரிய தப்புப் பண்ணிட்டேன். பதினாலு கெணத்துக்குத் தண்ணி குடுத்தவனுக்குல்ல காசு வெட்டியிருக்கேன். காளி காதுல விழுந்திருந்தா?

— விழுகல போல.

— வெளையாடாதீக. வெட்டுனவுகளும் யாருக்கு வெட்டுனமோ அவுகளும் சேந்து போயி ஆத்தா முன்னாடி நிக்கணும். அப்பத்தேன் தீரும். ரோகிணி, ஒஞ் சித்தப்பனுக்குப் போனைப் போடு. வாற வெள்ளிக்கெழமை கொல்லங்குடிக்கு வரச் சொல்லு. அத்தனை பேரு பாக்க அவனைக் கையெடுத்துக் கும்புடுறேன். எனக்கு ஒரு வெக்கமும் இல்ல.

— அப்பா, போடவா?

— வேண்டாம் தாயி. முத்துவீரன் எதுக்கு? நான் வாரேன்.

— நீங்க வந்து என்ன செய்யப் போறீக? பெட்டிஷன் போட்ட ஆளுல்ல வரணும்!

— அதேன் சொல்றேன், அன்னக்கிளி. போட்டது நாந்தேன்.