எட்டாவது வளையம்

கிட்ட வா கண்ணு, நாற்காலியை அடுப்புப் பக்கம் இழுத்துக்கொள். கரும்புப்பாகு ரொட்டி சூடாக இருக்கிறது, வெண்ணெயைத் தாராளமாகத் தடவு. விசாரணைக் குழுவிலிருந்து வந்தவள் என்பதற்காகப் பசியோடு எழுத வேண்டியதில்லை. நீ கேட்க வந்ததைவிட நல்ல கதையாகவே சொல்கிறேன்.

'லேடி மொரேனா' கப்பலை உனக்குத் தெரியும், உலகத்துக்கே தெரியும். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரோடு எங்கள் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் மூழ்கி, எழுபது ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் மூன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் கிடந்தவள். அவளை முதலில் கண்டது என் கணவர் ஆம்புரோஸ் ஓட்டிய நீர்மூழ்கிதான். வீட்டுக்கு வந்தவர் காலணியைக்கூடக் கழற்றவில்லை.

"டார்கஸ், என்னா அழகுடி அவ! இத்தன வருஷத்துல கைப்பிடிக் கம்பி ஒன்னுகூட வளையல."

"நான் மூணு புள்ள பெத்து வளைஞ்சுட்டேன். மீன் ஆறுது, உக்காருங்க."

அதன்பின் பதினெட்டுக் கோடைகள் அவளிடமே போனார். எங்கள் பிள்ளைகள் மூவருக்கும் கோடையில்தான் திருமணம் நடந்தது. மூன்றிலும் அவர் நாற்காலி காலியாக இருந்தது.

எங்கள் இருபத்தைந்தாம் திருமண நாளுக்கு அவர் தந்த பரிசு ஒரு ஜாம் பாட்டில். உள்ளே கடல்நீர், அதில் அவள்மேலிருந்து உடைந்த விரலளவு துரு.

"உயிருள்ளதுடி. இரும்பத் தின்னுற கிருமி. ஆனா மெதுவா, நூறு வருஷம் எடுத்துத்தான் திங்கும்."

பசித்த வாயைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது. ஒரு கரண்டி கரும்புப்பாகு ஊற்றி, ஓர் ஆணியையும் போட்டேன். பனி உருகுமுன் ஆணியைக் காணோம். அடுத்து என் பழைய கத்தரிக்கோலைப் போட்டேன். பிடி மட்டும் மிஞ்சியது.

கோடைதோறும் எங்கள் தேவாலயத்துப் பெண்கள் மூழ்கியவர்களுக்காகக் கயிற்றில் ஒரு வளையம் பின்னி அனுப்புவோம். பூ அந்த ஆழத்தில் நிற்காது. நீர்மூழ்கியின் இயந்திரக் கை அதைக் கப்பலின் முன்தளத்தில் வைத்துவிட்டு வரும். பின்னுவது நான்தான், என் முடிச்சு அவிழாது. அந்த ஆண்டு முதல் கயிற்றைப் பாட்டில் நீரிலும் பாகிலும் ஊறவைத்துப் பின்னினேன். பாதிரியார் ஆசீர்வதித்துத் தீர்த்தம் தெளித்தார். ஈரம் காயாமல் இருக்க அதுவும் உதவியது.

அப்படி ஊறவைக்கத் தொடங்கிய ஆறாம் ஆண்டு, ஆராய்ச்சியாளர் இங்க்ரிட் இதே மேசையில் படங்களை விரித்தாள்.

"தளம் வட்டம் வட்டமா அரிச்சிருக்கும்மா. இந்த வேகத்த நான் எங்கயும் பாத்ததில்ல."

"கடலுக்கும் பல்லு மொளைக்குதோ என்னவோ. இன்னொரு ரொட்டி எடுத்துக்கம்மா."

எடுத்துக்கொண்டாள். அஞ்சலிக்கு வைத்ததை யாரும் சோதனைக்கு அனுப்புவதில்லை.

அடுத்த கோடையில், ஊறவைத்ததில் ஏழாவது வளையத்தை வைக்க, ஆம்புரோஸ் வழக்கம்போல் முன்தளத்தில்தான் நீர்மூழ்கியை இறக்கினார். அங்கேதான் இறங்குவார் என்று எனக்குத் தெரியும். பதினெட்டு ஆண்டுகளாக அந்தக் கதையைத்தானே கேட்டேன். தளம் உள்வாங்கியது. ஐந்து மணி நேரம் சிக்கிக் கிடந்து மேலே வந்தார்கள். கூட இருந்த இருவருக்கும் ஆளுக்கொரு ரொட்டி அனுப்பிவைத்தேன். இவர் இனிக் கடலுக்கே போவதில்லை என்றுவிட்டார். அதோ, கூடத்தில் பட்டாணி உரிக்கிறார். பேச்சுதான் நின்றுவிட்டது. உரிப்பதில் குறை சொல்ல முடியாது.

அவர் வீட்டில் இருக்க வேண்டும் என்று மட்டுமே நினைத்தேன், யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. அதை அப்படியே எழுதிக்கொள். அந்தக் கதவுக்குப் பின்னால் தொங்குவதை நீ பார்த்துக்கொண்டே இருக்கிறாய், அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கோடையில், அவர் புறப்படுமுன்பே, நான் இரண்டு வளையம் பின்னினேன். இரண்டாவதை, அந்த எட்டாவதை, பாகில் நனைக்கவில்லை. அதில் ஆம்புரோஸ் பெயரை மட்டும் முடிந்து வைத்தேன்.

போய் வா தங்கம். உன் வீட்டிலிருந்து புறப்பட்டவர்கள் எல்லோரும் திரும்பி வந்து, ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடட்டும்.