படக்கொட்டகையில் முட்டி போட்டவள்

"ஒன் மக படக்கொட்டகையில முட்டி போட்டாளாமே, அந்தோணியம்மா!"

மாதா கோயில் உபதேசியார் இப்படிக் கேட்டதும் தெங்கேரா வழியாகப் போகும் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எனக்கு முன் சீட்டில் மீன்கூடையோடு இருந்த அந்த அம்மாள் பதறவில்லை.

"கோயில்ல பெஞ்சுல உக்கார முன்ன முட்டி போடுவோமே, அந்தப் பழக்கதோஷம்லா, ஐயா."

"திரையப் பாத்துச் சிலுவை வேற போட்டாளாம். இந்தப் பேசும்படம் வந்ததும் சாமி எது, கூத்தாடி எதுன்னு பிள்ளைங்களுக்குத் தெரியல. இனி கோயில்ல அவ பாடக் கூடாது."

"ராவெல்லாம் அழுதா ஐயா, பாட்டுதான் அவளுக்கு உசுரு. ஆனா பின்வரிசையில ஒரு பெரியவரும் முட்டி போட்டாராமே?"

"யாராம்?"

"இருட்டுல மூஞ்சி தெரியலையாம். எந்திரிக்க முடியாம 'சேசு மரி சூசையே'ன்னு முனகுனாராம்."

உபதேசியார் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் இறங்கவேண்டிய கிளேபாங் நிறுத்தம் வந்ததும் முட்டியைப் பிடித்தபடி எழுந்தார்.

"சேசு மரி சூசையே!"

பஸ்ஸே மறுபடி திரும்பிப் பார்த்தது. அந்தோணியம்மாள் கூடையை நகர்த்தி மரியாதையாக வழிவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை அவ பாடட்டும்" என்று படியைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவர் இறங்கினார்.