பச்சைக்குள்ள நீலம்

— தொடாதீங்கண்ணே. குஞ்சு இப்பத்தான் கூட்டை விட்டு வெளிய வந்திருக்கு. பயந்துக்கும் லா.

— என் குருவியை நான் தொட்டா உனக்கு என்னடா லோகா?

— உங்க குருவியா? கிள்ளான்ல, என் வீட்டு ஹால்ல, என் கூண்டுல பொரிச்ச குஞ்சு. உங்களுது எப்படி ஆச்சு?

— இதோட அப்பன் ஆத்தா ரெண்டையும் யாரு கொடுத்தா? நீ வீடு குடிபோனப்ப பிரிக்ஃபீல்ட்ஸ்லேர்ந்து மடியில வெச்சுத் தூக்கிட்டு வந்தது யாரு?

— நீங்கதான். "வெறும் பச்சை, ஒண்ணுக்கும் ஆகாது, சும்மா வெச்சுக்க"ன்னு சொல்லித்தான் கொடுத்தீங்க. மலர் பக்கத்துலதான் நின்னா.

— மலரு! நீ சொல்லும்மா. உன் புருஷன் எவன்கிட்டயோ நீல ஆண்குருவி வாங்கி உள்ள விட்டிருக்கான், அதானே?

— முதல்ல தண்ணி குடிங்க மாமா. அக்கா ஏன் வரல?

— உங்க அக்காவுக்கு என் மூஞ்சியப் பாக்கவே பிடிக்கலையாம். நீ பேச்சை மாத்தாத.

— சாமி சத்தியமாண்ணே, வேற எந்தக் குருவியும் இந்த வீட்டுக்குள்ள வரல. நீங்க கொடுத்த ஜோடி மட்டும்தான். முட்டை வெச்சுச்சு, பொரிச்சுச்சு. மூணு பச்சை, ஒண்ணு இப்படி நீலமா வந்து நிக்குது.

— எப்படி நிக்கும்? நான் ஜொகூர் வரைக்கும் அலைஞ்சு கோல்டியன் குருவியில நீலமா ஒரு ஆண் வாங்கினேன். பச்சைப் பொட்டையோட விட்டேன். பொறந்தது பூரா பச்சை. கொஞ்ச நாள்ல நீலமும் செத்துப்போச்சு. சரின்னு அதோட பிள்ளைங்களுக்கு வெளியிலேர்ந்து புதுசு புதுசா ஜோடி கொண்டாந்து சேத்தேன். திரும்பவும் பச்சை! நீ விதை போட்டு தண்ணி வெச்சதைத் தவிர என்னடா செஞ்ச? உனக்கு எப்படி நீலம்?

— எனக்கும் தெரியலண்ணே. குருவி வளக்கிறவங்க கிளப்புல கிஷன் பாஸ்தான் சொன்னாரு. அந்த நீலம் பச்சைக்குப் பின்னால ஒளிஞ்சுக்குமாம். அப்பன்கிட்டேர்ந்து ஒண்ணு, ஆத்தாகிட்டேர்ந்து ஒண்ணு, ரெண்டு பக்கமும் வந்து சேந்தாத்தான் வெளிய தெரியுமாம். நீங்க கொண்டாந்த வெளி ஜோடிகிட்ட அது இல்ல. அப்புறம் எங்கேர்ந்து தெரியும்?

— அப்ப உன்னோட ஜோடி?

— அண்ணன் தங்கச்சிதானே. ரெண்டுமே அந்த நீலத்தோட பிள்ளைங்க.

— சீ! அண்ணனையும் தங்கச்சியையுமா சேத்த? கருமம்டா! அது கூடாதுன்னுதான் நான் கூடப்பொறந்ததுங்களை ஆண் தனி, பொட்டை தனின்னு பிரிச்சு வெச்சேன்.

— சேக்கணும்னு விடலண்ணே. இருந்தது ஒரே கூண்டு.

— குருவிக்கு ஏது மாமா முறை? அத்தை மகனாப் பாத்து மாலை மாத்தச் சொல்றீங்களா?

— சிரிக்காத மலரு. எரியுற வயித்துல எண்ணெயை ஊத்தாத. ஆமா, பொறாமைதான். நான் ஏன் மறைக்கணும்? புத்தகம் படிச்சு, தூக்கம் கெட்டு அலைஞ்சவன் நான். ஞாயித்துக்கிழமை குருவி ஷோல பரிசுக்கு மைக்குல கூப்பிடப்போறது உன் புருஷன் பேரை.

— ஷோ முடிஞ்சதும் இந்தக் குஞ்சை நீங்களே எடுத்துக்குங்கண்ணே. நெசமாத்தான் சொல்றேன்.

— உன் பிச்சை எனக்கு வேணாம். என் கூண்டுல, என் கண்ணு முன்னாடி பொரிக்கணும். அதைத்தான் நான் இத்தனை நாளாக் கேட்டுக்கிட்டிருக்கேன்.

— ஏங்க, சொல்லிடுங்க. மாமா பாவம்.

— என்னடா சொல்லணும்? என்ன ஒளிக்கிற?

— கோவப்படாதீங்கண்ணே. கிஷன் பாஸ் சொன்ன அன்னைக்கே உங்களுக்கு போன் அடிச்சிருக்கணும். வேணும்னேதான் அடிக்கல.

— ஏன்?

— அந்த வீட்டுல நீங்க மூத்த மாப்பிள்ளை. மாமனார் எதுக்கும் "திருச்செல்வத்தைக் கேளு"ம்பாரு. நீங்க வந்தா எனக்கு நாற்காலிகூட மிஞ்சாது. ஒரே ஒரு ஷோல நான் முன்னால நிக்கணும்னு ஆசை வந்துடுச்சு. உங்களுக்கு எம்மேல இருக்கிற எரிச்சல் நேத்து வந்தது லா. எனக்கு உங்கமேல கல்யாணம் ஆனதுலேர்ந்து இருக்கு.

— சரி, விஷயத்தைச் சொல்லு. எதுக்கு போன் அடிச்சிருக்கணும்?

— உங்க பால்கனியில இருக்கிற பச்சைங்களும் இதுங்களோட கூடப்பொறந்ததுதானே? அதுல ஒரு ஆணையும் ஒரு பொட்டையையும் ஒண்ணா விட்டீங்கன்னா போதும். என்கிட்ட ஒரு ஜோடிதான். உங்ககிட்ட ஒரு பால்கனியே இருக்கு. அடுத்த ஷோல என் கூண்டை எவனும் திரும்பிக்கூடப் பாக்கமாட்டான்.

— எல்லாத்துக்குள்ளயும் நீலம் இருக்கா?

— அந்த நீலத்துக்குப் பொறந்த அத்தனையிலயும் இருக்கு. ஒண்ணுகூட வெறும் பச்சை இல்ல.

— பாத்தீங்களா மாமா? நீங்கதான் பணக்காரரு. இப்பவாவது சிரிங்க... என்ன மாமா, ஏன் உக்காந்துட்டீங்க? தலை சுத்துதா?

— பச்சையைக் கண்ணால பாக்கவே பிடிக்கலம்மா. காலையில எல்லாக் கூண்டையும் தொறந்து விரட்டிவிட்டுட்டுத்தான் இங்க கிளம்பி வந்தேன்.